வெஸ்ட்லியிலிருந்து ஒருவரும் வரவில்லை

தம்பி,

வழக்கமாக உன்னிடம் நான் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்பதைத்தான். இன்றைக்கு அதைக் கேட்காமல் தொடங்குகிறேன். அடுத்த மாதம் நீ ஸ்தவாங்கருக்குப் போகிறாய். வேலை கிடைத்துவிட்டது, வீடும் பார்த்துவிட்டாய். ஒஸ்லோ நகரசபையில் நீ இருந்த கதிரைக்குக் கட்சிப் பட்டியலில் அடுத்ததாக இருக்கிறவர் வரப்போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை என் மேசையில் இருந்து புட்டைக் குழைத்தபடி நீ சொன்னாய்: "எங்கட ஆக்களே என்னோட கதைக்கினமில்லை அம்மா. கோயிலிலை கண்டாலும் முகத்தைத் திருப்பினம். நான் என்ன பிழை செய்தனான் எண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை." நான் எழும்பிப் போய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைத்தேன். நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ராசா. ஒன்றரை வருடமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். ஆனால் உன் பெயர் கெட்டது எல்லாருக்கும் முன்னால். அதனால் சிவஞானம் அண்ணையிடமும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன், நம்முடைய சங்கத்தின் மாத மடலில் போடச் சொல்லி. அவர் வாசித்துவிட்டு என்னைத் திட்டுவார். திட்டட்டும், அதற்கான நியாயம் அவரிடம் இருக்கிறது.

நீ தேர்தலில் நின்ற வருடம் எனக்குத் தலை கால் தெரியவில்லை. கட்சிப் பட்டியலில் உன் பெயர் எங்கேயோ கீழே கிடந்தது. பெயருக்கு நேரே குறி போட்டால் ஆளை மேலே கொண்டுவரலாம் என்று நீ சொன்னதுதான் தாமதம், நம்முடைய சனம் இருக்கிற வெஸ்ட்லிப் பகுதியில் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினேன். இருபத்தைந்து வருடம் முதியோர் நிலையத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முழங்கால், அதைப் பற்றி யார் கவலைப்பட்டது? "எங்கட பிள்ளை, இதிலை குறி போடுங்கோ" என்று கதவு கதவாகக் காட்டிக் கொடுத்தேன். நீ ஐம்பத்தொன்பது பேரில் ஒருவனாக உள்ளே போனாய். அன்றிலிருந்து எனக்கு ஒரு நடை வந்துவிட்டது, தம்பி. கடைக்குப் போனாலும் மேயரைப் பெற்றவள் மாதிரித்தான் போனேன். நீ கூட ஒருநாள் பகிடி பண்ணினாய்.

மேயரைப் பற்றி நாம் கதைத்த அந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. நீ முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, நகரசபையில் ஒரு விஷயம் எப்படிச் சட்டமாகிறது என்று எனக்கு வகுப்பு எடுத்தாய். நகர அரசாங்கம் ஒரு யோசனையை எழுதி அனுப்பும். அது முதலில் கமிட்டிக்கு வரும். பாதிக்கப்படுகிற சனம் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டு, குழுவாக வந்து கமிட்டிக்கு முன்னால் சில நிமிடம் கதைக்கலாம். பிறகுதான் முழுச்சபைக்குப் போய் வாக்கெடுப்பு. நான் கேட்டேன், "அப்ப மேயர் என்ன செய்வார்?" "கூட்டத்தை நடத்துவார், முடிவைச் சொல்லிச் சுத்தியலைத் தட்டுவார்" என்றாய். "பிடிக்காட்டி வேண்டாமெண்டு நிப்பாட்டேலாதோ?" "ஏலாது அம்மா. அமெரிக்காவிலை சில ஊரிலைதான் மேயருக்கு வீட்டோ இருக்கு. சபை பாஸ் பண்ணினதை அவர் வேண்டாமெண்டு திருப்பி அனுப்பலாம். இஞ்சை அவருக்கும் ஒரு வோட்டு, எனக்கும் ஒரு வோட்டு." "பின்னை என்னத்துக்கு உவ்வளவு பெரிய சங்கிலியைக் கழுத்திலை போட்டிருக்கிறார்?" நீ சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்டினேன்.

சிரிப்பு அடங்கியதும் நீ சொன்னது எனக்கு ஒரு சொல் தவறாமல் நினைவிருக்கிறது. "அங்கையும் மேயர் வேண்டாமெண்டால் முடிஞ்சுதெண்டு இல்லை அம்மா. கனக்க இடத்திலை மூண்டிலை ரெண்டு பங்கு ஆக்கள் சேர்ந்தால் அவரை மேவிப் பாஸ் பண்ணலாம். எங்கட வீட்டிலை உங்களுக்கு வீட்டோ இருந்தது. மூண்டிலை ரெண்டு சேர்க்க எனக்குத்தான் ஆளில்லை. அப்பா இருந்திருந்தால் நாங்கள் ரெண்டு பேர்." பகிடியாகத்தான் சொன்னாய். சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டாய். நான் அந்தக் கதிரையிலேயே கன நேரம் இருந்தேன்.

நீ எதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாதா? உனக்குப் பத்தொன்பது வயது. அப்பா போய் மூன்று வருடம். வடக்கே தூரத்தில், துரம்சோவில், கடலைப் பற்றியும் மீன்களைப் பற்றியும் படிக்க இடம் கிடைத்ததென்று கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை. நான் ஒன்றும் வாதாடவில்லை. சாப்பாட்டை நிறுத்தினேன், அவ்வளவுதான். இரண்டு நாள். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. வேலைக்குப் போய் மற்றவர்களுக்கு ஊட்டிவிட்டு வந்து, என் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் நீ வந்து, "சரி அம்மா, நான் இஞ்சையே படிக்கிறன், சாப்பிடுங்கோ" என்றாய். உடனே சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். எனக்குத் தனிமைக்குப் பயம், ராசா. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். பட்டினியைக் காட்டி உன்னை மடக்கினேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டுச் செய்ததில்லை. எல்லாம் முடிவான பிறகு அறிவிப்பாய், இப்போது ஸ்தவாங்கரை அறிவித்த மாதிரி.

ஆகவே மேயரைப் பற்றிக் கதைத்த அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்து நான் ஒரு சத்தியம் பண்ணினேன். இனி உன் காரியம் எதிலும் தலையிடுவதில்லை, வேண்டும் வேண்டாம் என்று வாய் திறப்பதில்லை என்று. நல்ல சத்தியம்தான். அதை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று தெரியாமல் போனதில்தான் எல்லாம் கெட்டது.

வெஸ்ட்லி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நகரசபைக்குச் சொந்தமான அந்தப் பழைய கட்டடத்தை விற்கப் போகிறார்கள் என்ற கதை வந்தது அதற்கு ஒரு வருடத்துக்குப் பிறகு. கீழ்த்தளத்தில்தான் நம்முடைய வயதுபோன சனம் செவ்வாயும் வியாழனும் கூடும். பெரிய மண்டபம் ஒன்றுமில்லை. நாலு மேசை, ஒரு கேத்தில், யன்னலால் பார்த்தால் கார் நிறுத்துமிடம். ஆனால் இராணியக்காவுக்கு அதை விட்டால் வேறு இடமில்லை. இதை மடலில் வாசிக்கிற, அவவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எழுபத்தெட்டு வயது, எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடியில் தனியாக இருந்தவ, நோர்வே மொழியில் 'நன்றி'க்கு மேல் நாலு சொல் வராது. வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போதே, "இனிச் செவ்வாய் வரைக்கும் நான் வாயைத் திறக்கிறது மாத்திரை போடத்தான்" என்று சொல்லிச் சிரிப்பா.

சிவஞானம் அண்ணை டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், காரியக்காரன். கமிட்டி எப்போது கூடுகிறது என்று விசாரித்து, ஒரு விண்ணப்பத்தை நோர்வே மொழியில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடக் கோடும் கீறிக் கொண்டுவந்தார். குழுவாகப் போய்க் கதைக்கப் பெயர் கொடுக்க வேண்டும், ஐந்து பேர் போவோம், இராணியக்காவையும் கூட்டிப் போவோம் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உந்தப் பேப்பரை மடிச்சு வையுங்கோ அண்ணை. என்னத்துக்கு உவ்வளவு ஆர்ப்பாட்டம்? என்ரை பிள்ளையோட நான் கதைக்கிறன்." அவர் தயங்கினார். "தங்கச்சி, தம்பி ஒருத்தன்தானே, மற்ற ஆக்களுக்கும் கேக்க வேணுமெல்லோ" என்றார். "பெத்த தாய் சொன்னால் கேக்க மாட்டானோ?" என்று நான் கேட்டேன். இராணியக்கா மேசையில் தட்டி, "பின்னை! அவள் சொன்னால் அவன் தாண்டுவானோ?" என்றா. எல்லாரும் தலையாட்டினார்கள். சிவஞானம் அண்ணையும் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தாயின் ஒரு சொல் ஒரு நகரசபையையே நிறுத்தும் என்று அந்த அறையில் இருந்த எல்லாருமே நம்பினோம், தம்பி. நாங்கள் வளர்ந்த வீடுகளில் காரியம் அப்படித்தான் நடந்தது.

அடுத்த மூன்று ஞாயிறும் நீ சாப்பிட வந்தாய். மூன்று ஞாயிறும் அது என் நாக்கு நுனியில் நின்றது. கேட்டால் சத்தியத்தை மீறியதாகும், திரும்பவும் பழைய அம்மா ஆகிவிடுவேன் என்று விழுங்கினேன். வாய் திறக்க வேண்டிய நேரமெல்லாம் உன் கோப்பையில் இன்னொரு கரண்டி மீன்குழம்பை ஊற்றினேன். அதையாவது மன்னிக்கலாம். மூன்றாவது ஞாயிறு நீயே கேட்டாயே! "அம்மா, வெஸ்ட்லிக் கட்டட விசயம் கமிட்டிக்கு வருது. அங்கை போற ஆக்கள் என்ன சொல்லினம்?" கடவுள் வாசலில் வந்து நின்று மணி அடித்த மாதிரி. நான் உன் முகத்தைப் பார்க்காமல், "அவைக்கென்ன, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். நீ பார், நான் தலையிடுகிறேனா, நான் எவ்வளவு மாறிவிட்டேன் என்று உனக்குக் காட்ட வேண்டும் என்றிருந்தது. உன் கண்ணில் நல்ல அம்மாவாக வேண்டும் என்றிருந்தது. அதற்காக இராணியக்காவின் வாயையும் சேர்த்துப் பூட்டினேன். பெயர் கொடுக்கிற கடைசி நாள் அந்தக் கிழமை போய்விட்டது.

முழுச்சபை கூடிய அன்றைக்கு நான் நகரசபைக் கட்டடத்துக்கு, அந்த ரோட்ஹூஸுக்கு வந்து மேலே பார்வையாளர் இருக்கையில் இருந்தேன். நீ எத்தனை தரம் "வந்து பாருங்கோவன்" என்று கூப்பிட்டிருப்பாய். அன்றைக்குத்தான் வந்தேன். என்னைக் கண்டதும் உன் முகம் மலர்ந்தது. பிறகு உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ எழும்பிப் போய்க் கதைத்தாய், தெளிவாக, அழகாக. அந்த இடத்தைப் பாவிக்கிற மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமல் விற்கக் கூடாது, தள்ளிப்போடலாம் என்று கமிட்டியில் நீ கேட்டதாகச் சொன்னாய். ஆனால் வெஸ்ட்லியிலிருந்து ஒருவரும் வரவில்லை, ஒரு கடிதம்கூட வரவில்லை, ஆகவே உன்னிடம் வைத்துக் கதைக்க ஒன்றும் இல்லை என்றாய். அவ்வளவு நோர்வே மொழி எனக்கு நன்றாக விளங்கும். விளங்காமல் இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் முதல்முறை நினைத்தேன். வாக்கெடுப்பு வந்தது. சபையில் இருக்கிற உறுப்பினர் பேசாமல் இருக்க முடியாது, ஏதோ ஒரு பக்கம் வாக்குப் போட்டே ஆக வேண்டும், அது அங்கே சட்டம் என்று நீ முன்பு சொல்லியிருந்தாய். நீ கட்சியோடு சேர்ந்து விற்பதற்கு வாக்களித்தாய். மேயர் முடிவை வாசித்துச் சுத்தியலைத் தட்டினார். சின்னச் சத்தம்தான். அவருக்குப் பிடித்ததோ பிடிக்கவில்லையோ, அவரால் வேறொன்றும் செய்ய முடியாது.

வெளியே படிக்கட்டில் வைத்து, "இனி ஒண்டும் செய்யேலாதோ?" என்று கேட்டேன். நீ என்னை ஆச்சரியமாகப் பார்த்தாய். "மூண்டு உறுப்பினர் சேர்ந்து மூண்டு கிழமைக்குள்ளை, இது சட்டப்படி பிழை எண்டு எழுதிக் குடுத்தால் மேலிடம் பாக்கும். ஆனால் பிழை ஒண்டும் நடக்கேல்லையே அம்மா. எல்லாம் சரியாத்தானே நடந்தது" என்றாய். எல்லாம் சரியாகத்தான் நடந்தது, ராசா. பிழை நடந்த இடம் அவர்களுடைய புத்தகத்தில் இல்லை.

இதுவரைக்கும் சொன்னது கோழைத்தனம். இனிச் சொல்லப்போவது அநியாயம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, சிவஞானம் அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, தம்பியிட்டைச் சொன்னனீங்களோ?" உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். "சொன்னனான் அண்ணை. அவன் கேக்கேல்லை" என்றேன்.  அவரோ, "இருக்கட்டும் தங்கச்சி, நீங்கள் மனசை விடாதேங்கோ" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்! அந்த ஒரு பொய் வெஸ்ட்லி முழுக்கப் போயிற்று. தாயின் சொல்லை மிதித்தவன், குறி போட்டு அனுப்பிய சனத்தை விற்றவன் என்று உன்னைக் கதைத்தார்கள். கோயிலில் உனக்கு முகத்தைத் திருப்பியவர்கள் எனக்குக் கையைப் பிடித்து, "பாவம் நீங்கள்" என்றார்கள். நான் பிடிக்கக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் அந்த இரக்கத்தில் குளிர்காய்ந்தேன். சீ, எழுதும்போதே கை கூசுகிறது.

கூட்டத்தை இரண்டு ஸ்டேஷன் தள்ளி வேறொரு நிலையத்தில் சேர்த்துவிட்டார்கள். நல்ல இடம், குறை சொல்ல முடியாது, லிஃப்ட்கூட இருக்கிறது. ஆனால் வெஸ்ட்லியில் ரெயின் ஏற வேண்டும், இறங்கி ஒரு சரிவால் நடக்க வேண்டும். முதல் மாரிக் குளிரிலேயே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். இராணியக்கா நிற்கவில்லை. வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் முள்ளு மாட்டிக்கொண்டு, "நாலு சனத்தைக் காணாமல் எப்பிடி இருக்கிறது?" என்று போனா. தை மாதத்தில் அந்தச் சரிவில் ஐஸ் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இப்போது முதியோர் பராமரிப்பு நிலையத்தில் படுக்கையோடு இருக்கிறா. தமிழ் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் நல்லவர்கள், தடவிக் கொடுக்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஆனால் நான் போகிற புதன்கிழமை தவிர்ந்த ஆறு நாளும் அவவுக்கு ஒரு வார்த்தை கதைக்க ஆளில்லை. போகும்போதெல்லாம் என்னிடம் சொல்லுவா, "உன்னை நான் குறை சொல்ல மாட்டன் பிள்ளை. நீ சொன்னனீ. அவன்தான் கேக்கேல்லை." நான் அவவின் தலையை வாரிக்கொண்டு நிற்பேன்.

புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் பெற்றவள், ஒன்றிரண்டு சொல்லாமல் போக மாட்டேன். புது ஊரில் யாரும் உனக்காக, "நான் கதைக்கிறன், நீ பேசாமல் இரு" என்று சொன்னால் நம்பாதே. நீயும் ஒருவருக்கும் அப்படிச் சொல்லாதே. அவரவர் வாயால் அவரவர் போய்ச் சொல்லட்டும், தடக்கித் தடக்கி என்றாலும். இராணியக்கா அந்தக் கமிட்டிக்கு முன்னால் போய் 'நன்றி' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நின்றிருந்தாலே உனக்குப் போதுமாக இருந்திருக்கும். இன்னொன்று. நாளைக்கு உனக்கென்று ஒரு பிள்ளை பிறந்து, ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினால், முதலில் அதன் முகத்தைப் பார். உனக்குப் பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று சொல். கோப்பையைக் கவிழ்க்காதே.

நேற்றுப் புதன்கிழமை. இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் எழுதிக்கொண்டுபோய் இராணியக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு வரி விடாமல் வாசித்தேன். முதலில் அவவிடம்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. நித்திரையாக்கும் என்று நினைத்தேன். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே ஒன்று கேட்டா. "நீ கேட்டிருந்தால் அவன் செய்திருப்பானோ?"

"ஓம் அக்கா. செய்திருப்பான்" என்றேன். உன்னைப் பற்றி ஒன்றரை வருடத்தில் நான் வெளியே சொன்ன முதல் உண்மை அது.

அவ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினா. என் கையை எடுத்து அவவின் கையில் வைத்தேன், அவ தன் கையை இழுத்துக்கொண்டா. ஆனாலும் நான் போகவில்லை. வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை வந்து சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, பிறகு தொடாத தட்டை எடுத்துக்கொண்டு போனது. நான் எழும்பிக் கோட்டைப் போட்டபோதுதான் சுவரைப் பார்த்தபடியே சொன்னா, "உன்ரை பிள்ளையை எவ்வளவு திட்டிப்போட்டன். அவனை ஒருக்கா இஞ்சை வரச் சொல்லு."

"சொல்ல மாட்டன் அக்கா. கேட்டுப் பாக்கிறன்" என்றேன்.

அதைத்தான் கேட்கிறேன், தம்பி. ஸ்தவாங்கருக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் இராணியக்காவைப் போய்ப் பார்ப்பாயா? என்னோடு வர வேண்டும் என்றில்லை, தனியாகவே போகலாம். என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அதுவும் விளங்கும். யோசித்துச் சொல்லு. மாட்டேன் என்றால் மாட்டேன் என்றே சொல்லு, ராசா. நீ மாட்டேன் என்று சொன்னாலும் அன்றைக்கு நான் சாப்பிடுவேன்.

அம்மா